பாட்டன் ஊரின் வைக்கோல் கூரை

1758 கோடையில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு, இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் எக்டன் என்ற சிற்றூருக்குப் போனார். அவருடைய அப்பா ஜோசையா 1680களில் இங்கிலாந்தை விட்டுக் கடல் கடந்து பாஸ்டனில் குடியேறியவர். அதற்கு முன்னால் குறைந்தது 300 ஆண்டுகளாக அந்தக் குடும்பம் எக்டனில்தான் இருந்தது என்பது வீட்டில் சொல்லி வந்த கதை. 30 ஏக்கர் சொந்த நிலம், கூடவே கொல்லுப்பட்டறை. மூத்த பிள்ளை கொல்லு வேலைக்குப் போகவேண்டும் என்பது வழக்கம்.

எக்டன் தேவாலயத்துப் பதிவேட்டில் 1555 முதல்தான் விவரம் கிடைத்தது. அதைப் புரட்டியதில் தான் ஐந்து தலைமுறைகளாக இளைய மகனுக்குப் பிறந்த இளைய மகன் என்று ஃபிராங்க்ளினுக்குத் தெரியவந்தது. அப்புறம் பாதிரியாரின் மனைவி அவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கல்லெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது, எழுத்தே தெரியவில்லை. அந்தம்மா ஒரு முரட்டுத் தூரிகையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார். பீட்டர் தேய்த்துக் கழுவ, வில்லியம் உட்கார்ந்து எழுத்துகளைப் பார்த்து எழுதிக்கொண்டார். இதை ஃபிராங்க்ளினே மனைவிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். பீட்டர் அவர்கள் அமெரிக்காவிலிருந்து கூட்டிவந்த அடிமை. அடுத்தவர் பாட்டன் பெயரைத் துலக்கிக் கொடுத்த அவருக்குக் கடிதத்தில் ஒரு குடும்பப் பெயர்கூட இல்லை. வெறும் பீட்டர்.

இன்றைக்கு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பல நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வேர் தேடி வருபவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதேதான். தேவாலயம், பதிவேடு, பாசி பிடித்த கல். ஃபிராங்க்ளின் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒன்று மட்டும் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. அது வைக்கோல் கூரை வீடு. வெள்ளையோ சந்தன மஞ்சளோ பூசிய சுவர், புருவம் போல ஜன்னலுக்கு மேல் வளைந்து இறங்கும் கூரை, வாசலில் ரோஜா. "எங்கள் கொள்ளுப்பாட்டி இப்படி ஒரு வீட்டில்தான் பிறந்திருப்பாள்" என்று நெகிழ்ந்து நாலு படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்புவதில்லை.

அந்த நெகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கும் அந்தக் கொள்ளுப்பாட்டிக்கும் உள்ள உறவு நினைப்பதைவிடச் சிக்கலானது.

முதலில் பெயர். இந்த வீட்டை ஆங்கிலத்தில் காட்டேஜ் என்பார்கள். அதைத் தமிழில் 'குடில்' என்றால் சாமியார் நினைவுக்கு வருகிறார், 'குடிசை' என்றால் ஏழை நினைவுக்கு வருகிறார். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அது குடிசைதான். நிலமில்லாத கூலிக்காரர்கள் கண்ட இடத்தில் வீடு போட்டுப் பெருகிவிடக்கூடாது என்று, புதிதாகக் காட்டேஜ் கட்டுபவர் அதோடு 4 ஏக்கர் நிலமும் சேர்க்கவேண்டும் என 1589இல் சட்டமே போட்டார்கள். அதை ரத்து செய்தது 1775இல். இன்றோ காட்டேஜ் என்பது விலை கூட்டிச் சொல்ல வீட்டுத் தரகர் பயன்படுத்தும் சொல். ஷேக்ஸ்பியரின் மனைவி பிறந்த, ஷாட்டரியில் இருக்கும் 'ஆன் ஹாதவே காட்டேஜ்' உலகப் புகழ் பெற்றது. அதில் 12 அறைகள். வசதியான விவசாயக் குடும்பத்தின் பண்ணை வீடு அது, பழைய பெயரும் ஹியூலண்ட்ஸ் பண்ணைதான். காட்டேஜ் ஆனது பின்னால்.

இப்படி நானூறு ஐந்நூறு வருடம் தாக்குப்பிடித்து நிற்பவை பெரும்பாலும் வசதி இருந்தவர்கள் கட்டியவை. நல்ல ஓக் மரச் சட்டம், நல்ல அஸ்திவாரம். கூலிக்காரர்கள் இருந்த ஒற்றை அறை வீடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. எது மிஞ்சியதோ அதைப் பார்த்து 'அந்தக் காலமே இப்படித்தான்' என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரி, கூரைக்கு வருவோம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், உண்மையில் மூன்று வகை. 'லாங் ஸ்ட்ரா' என்பது கோதுமைத் தாளைக் கதிர்ப்பக்கமும் அடிப்பக்கமும் கலந்து, நனைத்து, கையால் இழுத்து நேராக்கிக் கட்டுக் கட்டாக வேய்வது. அந்தக் கட்டுக்கு 'யெல்ம்' என்று பெயர். வீட்டின் மேல் தடித்த கம்பளியைப் போர்த்தியது போலக் கொஞ்சம் பரட்டையாக இருக்கும். இறவாரத்து ஓரத்தில் குச்சிகளை வைத்துக் கட்டங்கட்டமாகத் தைத்திருந்தால் இந்த வகை என்று யூகித்துவிடலாம். இரண்டாவது, டெவன் பக்கத்துக்காரர்கள் விரும்பும் சீவிய கோதுமைத் தாள். இதில் தாளின் அடிப்பக்கம் மட்டும் வெளியே தெரியும்படி அடுக்கித் தட்டுவதால், ஒட்ட வெட்டிய முடி போலச் சீராக இருக்கும். மூன்றாவது நாணல். நார்ஃபோக் சதுப்பு நிலத்தில் பனிக்காலத்தில் இலை உதிர்ந்த பிறகு அறுப்பார்கள். விளிம்பெல்லாம் கூர்மையாக நிற்கும்.

இதைப் பிடித்து வைப்பது ஆணி அல்ல, ஹேசல் என்ற மரத்தின் குச்சி. குச்சியைப் பிளந்து, இரண்டு முனையையும் சீவி, நடுவில் முறுக்கி, கொண்டை ஊசி போல மடக்குவார்கள். 'ஸ்பார்' என்பார்கள். முறுக்காமல் மடக்கினால் ஒடிந்துவிடும், முறுக்கினால் நார் பிரிந்து வளைந்து கொடுக்கும். அதைப் பழைய வைக்கோலுக்குள் குத்தி இறக்கினால் உள்ளே விரிந்து கவ்விக்கொள்ளும். ஒரு கூரைக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். தட்டிச் சமன் செய்ய 'லெகெட்' என்று ஒரு பலகை, பிடி வைத்தது, அடியில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியது. மற்றபடி கத்தி, கத்தரி, ஏணி, முழங்காலுக்கு ஒரு திண்டு.

வைக்கோலில் மழை எப்படி ஒழுகாமல் இருக்கிறது? சரிவுதான் ரகசியம். ஏறக்குறைய 50 டிகிரி சாய்வு. துளி ஒரு தாளின் நுனியிலிருந்து அடுத்த தாளுக்குத் தாவித் தாவி இறவாரத்தில் வந்து சொட்டிவிடும். கூரை ஓர் அடிக்கு மேல் தடிமன் என்றாலும் நனைவது மேலே ஒன்றிரண்டு அங்குலம்தான், அதற்குக் கீழே காய்ந்தே இருக்கும். தண்ணீர் பிடிக்கத் தகரக் குழாய் கிடையாது. அதனால்தான் இறவாரத்தைச் சுவரிலிருந்து தள்ளி நீட்டியிருப்பார்கள். டெவனில் பல வீடுகளின் சுவர் சுட்ட செங்கல் அல்ல, மண்ணும் வைக்கோலும் குழைத்து எழுப்பிய 'காப்' சுவர். நல்ல தொப்பியும் நல்ல காலணியும் கொடுத்தால் மண்சுவர் சாகாது என்று அந்த ஊரில் சொல்வார்கள். தொப்பி இந்தக் கூரை, காலணி கல் அஸ்திவாரம்.

ஆயுள் வகையைப் பொறுத்தது. லாங் ஸ்ட்ரா 20 வருடம் வாக்கில், சீவிய தாள் 30 வருடம், நல்ல நாணல் 50 வருடம்கூட வரும். முகடு மட்டும் 10, 15 வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஆகவே 'நானூறு வருடக் கூரை' என்று அண்ணாந்து பார்க்கும் கூரையின் மேல்பக்கம், பார்க்கிறவர் வயதைவிட இளையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் கீழ்ப்பக்கம் வேறு கதை. வைக்கோல் கூரையைப் பழுது பார்க்கும்போது முழுவதையும் பிடுங்குவது பழைய வழக்கமல்ல. நைந்த மேல் அடுக்கைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தின் மேலேயே புதியதைத் தைப்பார்கள். அடுக்கு மேல் அடுக்காகச் சில வீடுகளில் ஓர் ஆள் கை நீளத்துக்குத் தடித்துவிட்டது. இப்படிப் பட்ட சில கூரைகளின் அடிமட்டத்தில், முக்கியமாக டெவனில், கரி பிடித்த கறுப்பு வைக்கோல் கிடைத்தது. இடைக்காலத்து வீட்டில் புகைபோக்கி கிடையாது. நடுக்கூடத்தில் தரையில் நெருப்பு, புகை மேலே ஏறிக் கூரை வழியாகக் கசியும். அந்தப் புகை படிந்து படிந்து, பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் 14, 15ஆம் நூற்றாண்டுத் தாள்கள் அப்படியே பாதுகாக்கப்பட்டிருந்தன. கதிர், களைச்செடி, கட்டிய கயிறு உட்பட. அந்தக் காலத்து வயலில் ஒரே ரகம் விளையவில்லை, உயரமும் குணமும் வேறுவேறான கோதுமைகள் கலந்தே விளைந்தன என்று தாவரவியலாளர்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். முன்னோர் கைபட்டது ஏதாவது வேண்டும் என்று தேடுகிறவர்கள் வாசல் ரோஜாவை விட்டுவிட்டு பரணுக்குப் போகவேண்டும். பரணை யாரும் காட்டுவதில்லை என்பதுதான் சங்கடம்.

வைக்கோல் கூரை தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அழகு அல்ல, காசில்லாமை. லண்டனில் 1212இல் ஏற்பட்ட பெரிய தீ விபத்துக்குப் பிறகு வைக்கோலும் நாணலும் வேயக்கூடாது என்று தடை வந்தது. 1613இல் நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி விழுந்து ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கின் கூரை எரிந்தது. தேம்ஸின் தென்கரையில் 1997இல் மறுபடி கட்டித் திறந்த குளோப்தான், 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் அனுமதி பெற்ற முதல் வைக்கோல் கூரை. நகரங்கள் இப்படி ஒவ்வொன்றாக ஓட்டுக்கு மாறின. 19ஆம் நூற்றாண்டில் கால்வாயும் ரயிலும் வேல்ஸ் நாட்டுக் கற்பலகைகளை மலிவாகக் கொண்டுவந்து இறக்கியதும் கிராமங்களும் மாறின. வசதி வந்தவர் வைக்கோலைப் பிடுங்கினார். மாற்ற வக்கில்லாத ஊர்களில், டார்செட், டெவன், சாமர்செட் பக்கமெல்லாம், அது தங்கிவிட்டது.

இன்னொரு காரணம் ஜமீன்தார்கள். இங்கேதான் கதை வேடிக்கையாகிறது. டார்செட்டில் மில்டன் ஆபஸ் என்ற ஊரின் படம் நாட்காட்டிகளில் அடிக்கடி வரும். சரிவான ஒரே தெரு, இரு பக்கமும் அச்சில் வார்த்தது போல வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையும். அது தானாக வளர்ந்த ஊரே அல்ல. ஜோசப் டேமர் என்ற பிரபு தன் மாளிகையிலிருந்து பார்த்தால் சந்தைத் தெருவும் சனமும் கண்ணில் படுகிறதே என்று, மில்டன் என்ற பழைய ஊரையே வாங்கி வாங்கி இடித்தார். கேப்பபிலிட்டி பிரௌன் என்ற தோட்ட வடிவமைப்பாளரைக் கொண்டு புல்வெளியும் ஏரியும் அமைத்தார். குடிகளை வைக்க, பார்வைக்கு எட்டாத பள்ளத்தில் 1780 வாக்கில் 36 வீடுகள் கட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குடும்பம். வில்லியம் ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் குத்தகை முடியும்வரை போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். டேமர் மதகைத் திறந்துவிட்டு அவர் வீட்டுக்குள் தண்ணீரை விட்டார். ஹாரிசன் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஊர் என்னவோ போனதுதான்.

சாமர்செட்டின் செல்வர்தியும் அப்படித்தான். 1828இல் சர் தாமஸ் ஆக்லண்ட் தன் எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்தவர்களுக்காக அமைத்த குடியிருப்பு. பழைய கிராமம் எப்படி இருக்கவேண்டும் என்று ஓவியங்களைப் பார்த்து ரசித்த தலைமுறை, அந்த ரசனைக்கு ஏற்பக் கட்டிய கிராமம். ஓவியர் ஹெலன் ஆலிங்ஹாம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சர்ரே பக்கத்து வீடுகளை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளினார். சாக்லெட் டப்பா மூடியில் வரும் கிராமத்துக்கு அவர் படங்களும் ஒரு மூலம். ஓதம் ஏறிய சுவரும் இருமும் குழந்தையும் நீர்வண்ணத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

அவை அரசாங்க அறிக்கையில் இருக்கின்றன. விவசாயக் கூலிப் பெண்களையும் குழந்தைகளையும் பற்றிய 1843ஆம் ஆண்டு விசாரணை அறிக்கையில் டார்செட்டின் ஸ்டௌர்பெயின் ஊர் வருகிறது. ஒரு வீட்டுப் படுக்கையறை, ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி. அதில் மூன்று கட்டில்கள். படுத்தவர்கள் 11 பேர், பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் கைக்குழந்தையும் சேர்த்து. தலைக்கு மேல் நேராகக் கூரை வைக்கோல். நாம் இன்று படம் பிடிக்கும் அதே புருவக் கூரையின் உட்புறம்.

ஊரை விட்டுப் போனவர்கள் இந்த அறைக்காரர்கள்தான். பொது நிலமெல்லாம் வேலிக்குள் போனது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள், 68 லட்சம் ஏக்கர். மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த உரிமை அதோடு போனது. 1830இல் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்த 'ஸ்விங்' கலகத்துக்காக 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், சுமார் 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். சஸெக்ஸின் பெட்வொர்த் வட்டாரத்திலிருந்து மட்டும் 1832க்கும் 1837க்கும் இடையில் சுமார் 1,800 பேரை ஒரு குழு கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியது. 1834இன் புதிய ஏழைகள் சட்டம், பாரிஷ் என்ற தேவாலய வட்டார நிர்வாகமே கடன் வாங்கி ஏழைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப வழிசெய்தது. வெறுமனே சோறு போடுவதைவிட ஒரேயடியாகக் கப்பல் கட்டணம் கொடுத்துவிடுவது லாபம் என்ற கணக்கு. இன்று 'எங்கள் மூதாதையர் துணிச்சலாகப் புது உலகம் தேடி வந்தவர்கள்' என்று பெருமை பேசும் குடும்பங்களில் சிலவற்றின் பயணச் செலவு, ஊர் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும்.

அந்த வரியைக் கண்டுபிடிக்கலாம் என்பதே இந்தத் தேடலின் சுவை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் எழுதி வைக்கவேண்டும் என்று எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் உத்தரவிட்டார். 1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கியது. 1851 கணக்கெடுப்பில் ஆள் எந்த ஊரில் பிறந்தவர் என்பதும் இருப்பதால், பின்னோக்கிப் போகிறவருக்கு அதுதான் நல்ல படிக்கட்டு. மூலப் பதிவேடுகள் இப்போது தேவாலயத்தில் இருப்பது அபூர்வம். மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன. ஆகவே பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டுவதால் பயனில்லை. ஏழைகள் என்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஓர் ஏழை எந்த ஊர்ப் பொறுப்பு என்று தீர்மானிக்க, 1662 சட்டத்தை ஒட்டி அதிகாரிகள் அவரை உட்காரவைத்து விசாரித்து எழுதிக்கொள்வார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எத்தனை பிள்ளைகள். விரட்டுவதற்காக எழுதிய காகிதம், இன்று பேரப்பிள்ளைகளுக்கு அரைப்பக்க வாழ்க்கை வரலாறு. கல்லறைக் கல்லை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். கூலிக்காரர்களுக்குக் கல் நடுவதற்குக் காசேது?

கவிஞர் டி. எஸ். எலியட்டின் மூதாதை ஆண்ட்ரூ 17ஆம் நூற்றாண்டில் சாமர்செட்டின் ஈஸ்ட் கோக்கரிலிருந்து மாசசூசெட்ஸுக்குப் போனவர். செருப்புத் தைப்பது தொழில். மஞ்சள் கல் சுவரும் வைக்கோல் கூரையுமான அந்த ஊரை எலியட் 1930களில் வந்து பார்த்தார், ஊர்ப் பெயரிலேயே 1940இல் கவிதை எழுதினார். 1965இல் இறந்தபின் அவருடைய சாம்பலை அந்த ஊர்த் தேவாலயத்தில்தான் வைத்தார்கள். வேர் தேடி வந்து அங்கேயே தங்கிவிட்டவர் அவர்.

இப்போது அந்த ஊர்களின் நிலை? கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகளால் வாங்க முடியாத விலை. வார இறுதிக்கு வரும் லண்டன்காரர்கள், விடுமுறை வாடகை வீடுகள். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால் ஜன்னல் சட்டத்தை மாற்றவும் அனுமதி வேண்டும். லாங் ஸ்ட்ரா கூரையை எடுத்துவிட்டு நாணல் போடலாமா என்பதில் வீட்டுக்காரருக்கும் மாவட்ட அதிகாரிக்கும் நடக்கும் சண்டைகள் பிரசித்தம். காப்பீடு கூடுதல், ஏனென்றால் விறகு அடுப்பை ஒட்டிக் கிளம்பும் தீயில் இன்னமும் வருடாவருடம் சில கூரைகள் போகின்றன. கோதுமைத் தாளே கிடைப்பது கஷ்டம். இன்றைய ரகங்கள் குட்டை, அறுவடை இயந்திரமோ தாளை நொறுக்கிவிடும். கூரைக்கென்றே சில விவசாயிகள் 1960களின் மாரிஸ் விட்ஜன் போன்ற நெட்டை ரகங்களை விதைத்து, தாளை நொறுக்காமல் அறுத்துக் கட்டாகக் கட்டும் பழைய பைண்டர் இயந்திரத்தில் அறுத்து, வயலில் கட்டுக்கட்டாக நிறுத்திக் காயவைக்கிறார்கள். நாணலில் பெரும் பங்கு துருக்கியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. பாட்டன் போன திசைக்கு எதிர்த்திசையில்.

டார்செட்டுக்குப் போகிறவர்கள் டால்படில் ஊரில் ஒரு மணி நேரம் நிற்கலாம். அங்கே ஒரு வைக்கோல் கூரை வீட்டின் மாடி அறையில்தான் 1830களில் பண்ணைக் கூலிகள் கூடிச் சங்கம் வைத்தார்கள். வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 7 ஆகி, 6 ஆகப்போகிறது என்ற நிலை. தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் வீடு அது, இன்னும் இருக்கிறது. சங்கம் வைப்பது குற்றமில்லை என்பதால், ரகசியச் சத்தியம் செய்ததாக 1797ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, 1834 மார்ச்சில் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை கொடுத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி 1836இல் மன்னிப்பு வந்தது. திரும்பிய ஆறு பேரில் ஐந்து பேர் சில வருடத்தில் குடும்பத்தோடு கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போய்ப் பண்ணை வைத்தார்கள். அங்கே போனபின் பழைய கதையை அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் டால்படிலிலேயே இருந்துவிட்டார். கட்டட வேலை பார்த்தார். கண் பார்வை போய், குடும்பத்துக்குப் பாரமாக இருக்கவேண்டாமென்று டார்செஸ்டரின் ஏழைகள் விடுதிக்குப் போய், 1891இல் அங்கேயே இறந்தார். சிற்பி எரிக் கில் செதுக்கிய கல்லை அவர் குழிமேல் நட்டது 1934இல், 43 வருடம் கழித்து. ஆறு பேரில் அந்த ஊர் மண்ணில் இருப்பது அவர் ஒருவர்தான்.